முகக்கவசத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் அடுக்கு

என்95 முகக்கவசத்தைக் கத்தரித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளை வெளேரென்று ஓர் அடுக்கு தெரியும். பஞ்சு போலிருக்கும், பஞ்சல்ல. பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, சூடான காற்றால் ஊதி இழுத்த நுண்ணிழை. அதில் மின்னூட்டம் ஏற்றியிருப்பதால், இழைகளின் இடைவெளியைவிடச் சிறிய துகளையும் இழுத்துப் பிடிக்கும், மூச்சும் முட்டாது. பருத்தித் துணிக்கு இந்தத் திறன் இல்லை. கொரோனா வார்டில் நின்ற செவிலியருக்கு அந்தப் பிளாஸ்டிக்தான் காவல்.

குப்பை மலையாகக் குவிகிறதே என்பார்கள். நியாயமான கவலை. 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை ஐ.நா. கூட்டு முயற்சியில் கொள்முதலான பாதுகாப்புப் பொருள்கள் மட்டுமே சுமார் 87,000 டன் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் தடுப்பூசி போடக் கையுறை தேவையில்லை என்று சொன்னதும் அதே நிறுவனம்தான். அப்படியும் கையுறைகள் வீணாயின. குறைக்க வேண்டியது அங்கே. செவிலியரின் முகத்தில் அல்ல. நம் வீட்டுப் பங்கும் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அப்போது சொன்ன வழி எளிது: பயன்படுத்திய முகக்கவசத்தைக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்து, கத்தரித்த பிறகே குப்பையில் போடுங்கள்.