வாடகை வீட்டில் முதலீடு: முதலில் கணக்கைப் பாருங்கள்

மத்திய கிழக்கில் பத்துப் பதினைந்து வருடங்கள் உழைத்துத் திரும்பியவர்களும், ஓய்வுபெற்றுப் பணிக்கொடையைக் கையில் பெற்றவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் மாதாமாதம் ஏதாவது கைக்கு வருமல்லவா?”

வரும். ஆனால், எவ்வளவு வரும் என்பதை வாங்குவதற்கு முன்னர் கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. ஒருவரின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் ஒரே உறுதிக்குள் அடங்கிவிடும் விடயம் இது. ஆகவே நிதானம் தேவை.

கையில் மிஞ்சும் வாடகை

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டின் விலை 2 கோடி ரூபா. மாத வாடகை 70,000 ரூபா. வருடத்துக்கு 8 இலட்சத்து 40 ஆயிரம். கேட்பதற்கு நல்ல தொகைதான். ஆனால், ஒருவர் போய் மற்றொருவர் வரும் இடைவெளியில் வருடத்துக்கு ஒரு மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும் என வைத்துக்கொள்ளுங்கள். அதில் 70,000 போகும். பெயின்ட், குழாய், கூரைத் திருத்தம் என 60,000. மாநகர சபைக்குச் செலுத்தும் ஆதன வரி 20,000. மிஞ்சுவது 6 இலட்சத்து 90 ஆயிரம். போட்ட பணத்துக்கு இது 3.45 வீதம் மட்டுமே.

வாங்கும்போதே ஒரு செலவு இருக்கிறது. காணி, வீடு கைமாறும்போது முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும், எஞ்சிய பெறுமதிக்கு 4 வீதமும் முத்திரை வரி செலுத்த வேண்டும். 2 கோடிக்கு அது ஏறத்தாழ 8 இலட்சம். நொத்தாரிசின் கட்டணம் வேறு. அதாவது, முதல் வருடத்தில் கையில் மிஞ்சும் வாடகை முழுவதும் முத்திரை வரிக்கே போதாது.

“வீட்டின் விலை ஏறுமே” என்பார்கள். ஏறலாம். ஆனால், மருந்துக்கோ பிள்ளையின் படிப்புக்கோ பணம் தேவைப்படும்போது ஓர் அறையை மட்டும் பிரித்து விற்க முடியாது. மாத வருமானத்துக்காக முதலிடுபவர் மாத வருமானத்தையே பார்க்க வேண்டும்.

கடன் எடுத்து வாங்க எண்ணுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வட்டியற்ற முறையில், வங்கியும் நீங்களும் பங்காளிகளாகி, வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும் ‘குறைந்து செல்லும் முஷாரகா’ திட்டங்கள் நமது நாட்டில் உள்ளன. எந்த முறையாக இருந்தாலும், வீடு காலியாகக் கிடக்கும் மாதத்திலும் தவணை வந்தே தீரும். மேலே பார்த்த 3.45 வீதத்தில் தவணையை அடைத்துவிடலாம் என எதிர்பார்க்க வேண்டாம்.

மேல்மாடியிலிருந்து தொடங்கலாம்

எனவே, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் கூறும் ஆலோசனை வேறு. சொந்த வீடு இருந்தால், முதலில் அதன் மேல்மாடியைப் பாருங்கள். காணி ஏற்கனவே உங்களுடையது. முத்திரை வரியும் இல்லை. 60 இலட்சத்தில் இரண்டு அறை கொண்ட வீடொன்றை மேலே கட்டி, 40,000 ரூபாவுக்கு விடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாத இடைவெளிக்கு 40,000, திருத்தத்துக்கும் வரிக்கும் 40,000 கழித்தால் வருடத்துக்கு 4 இலட்சம் மிஞ்சும். இது 6.67 வீதம். முன்னைய கணக்கைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

இதற்கும் நிபந்தனைகள் உள்ளன. அத்திவாரம் தாங்குமா என்பதை மேசன் பாஸிடம் மட்டும் கேட்காமல், பொறியியலாளர் ஒருவருக்குக் காட்டுங்கள். உள்ளூராட்சி சபையின் அனுமதியைப் பெற்ற பின்னரே கட்டுங்கள். படிக்கட்டு வெளிப்புறமாக இருக்கட்டும். மின்மானியும் நீர்மானியும் தனித்தனியாக இருந்தால் பாதிச் சச்சரவு குறையும்.

வாங்கத்தான் வேண்டுமென்றால்

சட்டத்தரணி ஒருவர் மூலம் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைப் பார்வையிடுங்கள். ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்பது அங்கே தெரியவரும். வாரிசுச் சொத்தாயின் எல்லா வாரிசுகளும் கையொப்பமிட வேண்டும். ஒரு சகோதரி கையொப்பமிடாவிட்டாலும் அவருடைய பங்கு உங்களுக்கு வராது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும், வீதி எல்லைச் சான்றிதழையும், கட்டடத்துக்கான இணக்கச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். தொடர்மாடி வீடாயின் மாதாந்தப் பராமரிப்புக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்

“தெரிந்த ஆள்தானே” என்று வாய்ப்பேச்சில் வீட்டைக் கொடுப்பது நம்மவர்களின் வழக்கம். பிரச்சினையும் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போருக்குப் பலத்த பாதுகாப்பை வழங்கியது. வீட்டை மீளப் பெறும் வழக்குகள் வருடக் கணக்கில் இழுபட்டன. குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையைச் சுருக்கமான நடைமுறையில் மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் மீளப் பெறுவதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. ஆனால், நொத்தாரிசின் முன் எழுதி, பதிவு செய்யப்பட்ட குத்தகைக்கே அந்தச் சட்டம் கைகொடுக்கும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசின் முன் எழுதப்பட வேண்டுமென்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வாடகை எப்போது, எவ்வளவு கூடும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 2022 இல் கட்டடப் பொருட்களின் விலை கடுமையாக உயர்ந்தபோது, பழைய வாடகைக்கே கட்டுப்பட்டு நின்றவர்கள் பலர்.

கடைசியாக, முற்பணம். வீடு காலியாகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய முற்பணம் உங்கள் வருமானமல்ல, அது அமானிதம். அதை வியாபாரத்தில் போட்டுவிட்டு, குடியிருந்தவர் சாவியைக் கொடுக்கும் நாளில் கடனுக்கு அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைத் தனிக் கணக்கில் வையுங்கள். வாடகை வருமான வரிக்கு உட்பட்டது என்பதால், ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு எழுதிப் பிரதியைக் கோவைப்படுத்துங்கள்.

முதலில் ஒரு தாளை எடுத்து, உங்கள் சொந்தத் தொகைகளை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தரகரைச் சந்திப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.