எனக்கப்புறம் யாரு?

"எனக்கப்புறம் இவனை யாரு பாத்துக்குவா?" இரும்புலியூரில் எங்க தெரு அம்மா ஒருத்தர் கேட்டார். மகனுக்கு முப்பது வயசு, அறிவுசார் குறைபாடு. அந்தக் கேள்வி என்னைப் படிக்க வெச்சுது.

1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில், 18 வயசு தாண்டியவருக்கும் காப்பாளர் நியமிக்கலாம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 14-ஆம் பிரிவில், காப்பாளர் அவரோட சேர்ந்துதான் முடிவெடுக்கணும் என்கிறது.

சரி, 'சேர்ந்து' என்பது வீட்டில் எப்படி?

டீ போடுவதை எடுத்துக்குவோம். அதைப் பத்துப் படிகளாப் பிரிக்கணும். ஒன்பதை உதவியாளர் செய்வார். கடைசிப் படி, அதாவது சர்க்கரை போட்டுக் கலக்குறது, மட்டும் அவருக்கு. அது பழகினதும் கடைசி இரண்டு படிகள். இப்படியே பின்னாலிருந்து முன்னால். ஏன் தலைகீழா? ஒவ்வொரு தடவையும் வேலையை முடிச்சவர் அவர்தான். கையில் டீயும் இருக்கும்.

உதவியும் குறையணும். முதலில் கையைப் பிடிச்சு, அப்புறம் சைகை, அப்புறம் ஒரு பார்வை, பிறகு சும்மா இருப்பது. குறைக்கலைன்னா அவர் டீ போடக் கத்துக்க மாட்டார். நாம சொல்வதற்குக் காத்திருக்கத்தான் கத்துக்குவார். நம்ம பக்கத்தில், முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனத்தில் சிறப்பாசிரியர் பயிற்சி இருக்கு.

எல்லாத்தையும் தனியாச் செய்வார்னு சொல்ல வரலை. பணக் கணக்குக்குக் கடைசிவரை துணை வேணும்னா, வேணும்தான். ஆனா எத்தனை ஸ்பூன் சர்க்கரைன்னு அவரைக் கேட்கலாமே?

அந்த அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். "நான்தானே கலக்கிக் கொடுக்கிறேன், முப்பது வருஷமா" என்றார்.