மழைக்காலத்தில் புணேவுக்கு இடம்பெயர்ந்த விமான நிறுவனம்: இந்திய வான்தபால் சேவை தொடங்கியது எப்படி?

பிம்ப்ரி: பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகரின் நாசிக் பாட்டா சந்திப்பில் உள்ள ஈரடுக்கு மேம்பாலம் ஜே.ஆர்.டி. டாடாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இப்பகுதியில் டாடா என்றதும் மோட்டார் வாகனத் தொழிற்சாலையே நினைவுக்கு வரும். ஆனால், அந்த ஆலை எழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய விமானங்கள் மழைக்காலத்தில் புணேவில் தஞ்சம் புகுந்தன.

முதல் பயணம்

1932 அக்டோபர் 15-ஆம் தேதி காலை, கராச்சியிலிருந்து தபால் பைகளுடன் 'புஸ் மாத்' ரகச் சிறு விமானத்தை ஜே.ஆர்.டி. டாடாவே ஓட்டிவந்தார். ஆமதாபாதில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பிற்பகலில் மும்பையின் ஜுஹுவில் தரையிறங்கினார். அங்கிருந்து சென்னைக்கான தபாலை, பிரிட்டிஷ் விமானப் படையின் முன்னாள் விமானியான நெவில் வின்சென்ட் மற்றொரு விமானத்தில் எடுத்துச் சென்றார். இரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார்.

கராச்சியில் தொடங்கியது ஏன்?

லண்டனிலிருந்து வந்த 'இம்பீரியல் ஏர்வேஸ்' நிறுவனத்தின் வான்தபால் 1929 முதல் கராச்சிக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. வானில் விரைந்து வந்த கடிதங்கள், அங்கிருந்து தெற்கே செல்ல ரயிலை நம்பியிருந்ததால் மிச்சமான நேரம் வீணானது. இந்த இடைவெளியை நிரப்புவதே வின்சென்ட் முன்வைத்த திட்டம்.

பயணிகளைவிடத் தபாலுக்கு முன்னுரிமை ஏன்?

ஓட்டுநர் தவிர இருவர் மட்டுமே அமரக்கூடிய, ஒற்றை என்ஜின் கொண்ட விமானத்தில் பயணச்சீட்டு விற்றுச் செலவை ஈடுகட்ட இயலாது. கடிதமோ எடை குறைந்தது, இருக்கை கேட்காது, அதற்கான கூடுதல் அஞ்சல் கட்டணம் நிலையான வருவாயைத் தந்தது. அரசின் மானியம் ஏதுமின்றி, இந்த வருவாயை நம்பியே சேவை தொடங்கப்பட்டது. இடமிருந்தால் மட்டுமே பயணிகள் ஏற்றிக்கொள்ளப்பட்டனர்.

முதல் ஆண்டில் நிறுவனத்தின் விமானங்கள் சுமார் 1,60,000 மைல் பறந்து, 10.71 டன் தபாலைச் சுமந்தன. ஏறிய பயணிகள் 155 பேர் மட்டுமே. இன்று ஏறத்தாழ அத்தனை பேர் ஒரே ஜெட் விமானத்தில் ஒரு முறை பயணிக்கின்றனர். ஆயினும் அவ்வாண்டின் லாபம் ரூ.60,000.

எரவாடா மைதானம்

விமானங்களில் வானொலித் தொடர்பு கிடையாது. வழிகாட்டும் கருவிகளும் இல்லை. ரயில் பாதைகளையும் ஆறுகளையும் கண்ணால் பார்த்தே விமானிகள் திசையறிந்தனர். ஜுஹு அன்று கடலோரச் சேற்றுநிலம். பருவமழையில் அது நீரில் மூழ்கியதால், விமானங்கள், விமானிகள், மெக்கானிக்குகள் என ஒட்டுமொத்த நிறுவனமும் புணேவுக்கு இடம்பெயர்ந்தது. எரவாடா சிறையை ஒட்டிய ஒரு மைதானமே அப்போது விமானத் தளமாக அமைந்தது.

மழை என்பதற்காகத் தபாலை நிறுத்தினால், சேவைக்கு ஆதாரமான அஞ்சல் ஒப்பந்தமே கேள்விக்குள்ளாகியிருக்கும். எனவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்தில், மும்பையைவிட மழை குறைந்த புணே அந்நிறுவனத்துக்கு வெறும் மாற்று இடமன்று, உயிர்நாடி.

பின்னர் நடந்தவை

1935-இல் மும்பை-திருவனந்தபுரம் சேவை தொடங்கியது. 1938-இல் பிரிட்டிஷ் பேரரசின் வான்தபால் திட்டத்தால் சுமை பெருகி, பெரிய விமானங்கள் தேவைப்பட்டன. 1946-இல் நிறுவனம் 'ஏர் இந்தியா' எனப் பெயர் பெற்றது, 1953-இல் நாட்டுடைமையாக்கப்பட்டது, 2022 ஜனவரியில் மீண்டும் டாடா குழுமத்தின் வசம் வந்தது.

முதல் பயணத்தின் பொன்விழா ஆண்டான 1982-இல், 78 வயதில், ஜே.ஆர்.டி. டாடா அதே கராச்சி-மும்பை வழித்தடத்தில் மீண்டும் ஒரு சிறு விமானத்தை ஓட்டிவந்தார்.