தலைமாட்டை விட்டுக்கொடுக்கும் வைத்தியர்

கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பிள்ளை உயர்தர உயிரியற் பிரிவிலே சேர்ந்துவிட்டால், அவன் சத்திரசிகிச்சை நிபுணனாக வேண்டுமென்றே பெற்றோர் துஆக் கேட்கின்றனர். மயக்கமருந்து வைத்தியனாக வேண்டுமெனக் கேட்டவரை நாம் கண்டதில்லை. ஊசி போட்டு உறங்கச் செய்பவர்தாமே என்பது பலர் எண்ணம்.

ஏனைய சத்திரசிகிச்சைகள் பலவற்றில் அவர் நோயாளியின் தலைமாட்டிலே நிற்பார், சுவாசக்குழாய் கைக்கெட்டும். மூளைச் சத்திரசிகிச்சையிலோ தலை முழுவதும் சத்திரவைத்தியருக்கு உரியதாகித் துணியால் மூடப்பட்டுவிடும். எல்லாவற்றையும் முன்னரே உறுதிசெய்து, விலகி நின்றே உயிரைக் காத்தல் வேண்டும்.

மண்டையோடு விரிந்து கொடாத பெட்டி. குருதியிலே காபனீரொட்சைட்டு மிகுந்தால் மூளையின் குருதிக்குழாய்கள் விரிந்து மூளை பொங்கும். குறைந்தால் அவை ஒடுங்க, மூளை அமர்ந்து கத்திக்கு இடங்கொடுக்கும். மிக ஒடுங்கினாலோ குருதி போதாமல் மூளை வாடும். உடல் நிறையில் 2 சதவீதமேயான அவ்வுறுப்பு, நாம் கொள்ளும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை உண்பதன்றோ! சுவாசப்பொறியின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் இதனை நடத்துவது கழைக்கூத்தாடியின் நடையை ஒத்தது.

கழுத்து வழியே மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் சிரசு நாடியைத் திருத்துகையில் இடர் வேறுவகையானது. நாடியைச் சிறிது நேரம் அடைத்தாக வேண்டும். 1954 இல் இலண்டன் சென் மேரிஸ் ஆஸ்பத்திரியில் ஈஸ்ட்கொட் குழுவினர், அவ்வேளையில் மூளை தாக்குப்பிடிக்கும்பொருட்டு, நோயாளியின் உடலைப் பனிக்கட்டியால் 28 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தனர். பின்னர் கழுத்தை மாத்திரம் விறைக்கச் செய்து நோயாளியை விழித்திருக்க விடும் முறையும் வந்தது. எதிர்ப்பக்கக் கையிலே ஒலியெழுப்பும் பொம்மையொன்றைக் கொடுத்து அழுத்தச் சொல்வர். பிடி தளர்ந்தால் மூளைக்குக் குருதி போதவில்லை என்பது தெரிந்துவிடும். எத்துணை எளிய கருவி! இம்முறையையும் முழு மயக்கத்தையும் 3,526 நோயாளரிடம் ஒப்பிட்டு 2008 இல் வெளியான ஆய்வு, இரண்டுக்குமிடையே திட்டமான ஏற்றத்தாழ்வு காணவில்லை. முறையினும் கவனிப்பவரின் பயிற்சியே பெரிதென்பது நம் கருத்து.

திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மூளைக்கு ஒன்றும், இருதயம் குருதிக்குழாய்களுக்கு ஒன்றுமாக, இவ்வைத்தியர்க்கு இரு தனி உயர்பட்டங்கள் உள்ளன. மயக்க மருத்துவத்தில் ஏற்கெனவே எம்.டி. பெற்றவர்கள் அங்கே மேலும் மூன்றாண்டு பயில்கின்றனர். நம் நாட்டில் நிபுணராக விரும்பும் வைத்தியர், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தை நாட வேண்டும்.

கரையோர வீதியிலே மோட்டார் சைக்கிள் விபத்தில் தலை அடிபட்ட இளைஞனுக்கு, மூளைச் சத்திரவைத்தியரின் மேசை தொலைவிலேதான் இருக்கக்கூடும். குருதியமுக்கம் ஒருமுறை 90 க்குக் கீழே வீழ்ந்தாலும் அவனது உயிராபத்துப் பெரிதும் கூடும். அந்த மேசையை அடையும்வரை சுவாசத்தையும் அமுக்கத்தையும் தாங்கிப் பிடிப்பது, இப்பயிற்சி பெற்றவரின் கைகளே.