கைப்பேசிக் களரி

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களிலே கூத்தாடுவதென்பது ஓரிரவில் முடியுங் காரியமன்று. அண்ணாவியார் முதலிற் சட்டங் கொடுப்பார். அதாவது, இன்னார்க்கு இன்ன பாத்திரம் என வகுத்து, அவரவர் பாடவேண்டிய பாடல்களை அவரவர் கையில் ஒப்படைப்பார். பல நாட் பயிற்சியின் பின் ஆடுவோர் காலிற் சதங்கை அணிவர். பின்னர் எல்லாப் பாத்திரங்களையும் ஒருங்கு சேர்த்து அடுக்குப் பார்ப்பர். இவையெல்லாம் நிறைவுற்ற பின்னரே வட்டக் களரியில் அரங்கேற்றம் நிகழும். முடியும் உடுப்பும் அரிதாரமும் தம் முழுப் பொலிவோடு விளங்குவது அந்த இரவிலேதான். முகம் மாறுவது இறுதியில். அதற்கு முன்னர் நடக்கவேண்டியவை பல.

முகத்தை மாற்றும் வேறொரு கலை இன்று இளைஞர் கைக்கு வந்திருக்கின்றது. கைப்பேசியின் கமராவை முகத்துக்கு நேரே பிடித்த அளவில், திரையிலே தலைமீது ஒரு முடி தோன்றுகின்றது. தலை சாய்ந்தால் முடியுஞ் சாய்கின்றது. புருவம் உயர்ந்தால் நெற்றிப் பொட்டும் உயர்கின்றது. இதனை மக்கள் ‘பில்டர்’ என்று வழங்குவர். இதற்கு அடிப்படையான நுட்பத்துக்கு மிகை மெய்ம்மை என்பது பெயர். கண்முன் உள்ள காட்சியை அழியாது வைத்து, அதன்மேல் இல்லாத ஒன்றை உரிய இடத்திலே பொருத்திக் காட்டுவது அதன் தொழில். இத்தகைய பில்டர்களை அணிந்து மகிழ்வோர் மிகப் பலர், ஆக்குவோர் சிலரே. ஆயினும், ஓரளவு நல்ல கணினியும் இணைய இணைப்பும் பொறுமையும் உடைய எவரும் இதனைக் கற்றுக்கொள்ளலாம். கற்க வேண்டிய ஒழுங்கோ பெரும்பாலும் அண்ணாவியாருடைய ஒழுங்கேயாகும்.

இந்நுட்பத்தின் வரலாறு பாரமானதொரு தலையணியிலே தொடங்கியது. 1968ஆம் ஆண்டில் ஐவன் சதர்லண்ட் என்னும் அமெரிக்க அறிஞர், கண்களுக்கு முன் சிறு திரைகள் அமைந்த கருவியொன்றைச் செய்தார். அதன் பாரத்தைத் தலை தாங்காது. ஆகவே அது கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. அதனை அணிந்தவர், அறையின் நடுவே கோடுகளால் வரைந்த பெட்டி வடிவமொன்று மிதக்கக் கண்டார். 1990களின் தொடக்கத்திலே போயிங் விமான நிறுவனத்திற் பணிபுரிந்த தொம் கோடெல் என்பார், விமானங்களில் மின்கம்பி பொருத்துவோருக்கு வழிகாட்டும் படங்களைக் கண்முன் காட்ட முயன்றபோது, இந்நுட்பத்துக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை இட்டார். 2015இல் ஸ்னப்சட் நிறுவனம் முகத்தின்மேல் உருவங்களைப் பொருத்தும் வசதியைப் பொதுமக்களுக்கு அளித்தது. 2017இன் இறுதியில், அவ்வுருவங்களை எவரும் ஆக்கத்தக்க மென்பொருளையும் வெளியிட்டது. கூரையிலே தொங்கிய பாரம் ஐம்பது ஆண்டுகளுக்குள் சட்டைப் பையில் அடங்கிவிட்டது.

கமராவுக்கு முகம் இன்னதென்று தெரியாது. அது பெறுவன ஒளியும் நிழலுமான புள்ளிகளே. அப்புள்ளிக் கூட்டத்தில் முகம் எங்கே இருக்கின்றது என்பதை விரைவாகக் கண்டறியும் வழியொன்றைப் போல் வயோலா, மைக்கல் ஜோன்ஸ் என்னும் இருவர் 2001இல் வெளியிட்டனர். கண்களுள்ள பகுதி கன்னத்தினும் இருண்டிருக்கும். மூக்குத்தண்டு இரு கண்களினும் ஒளிர்ந்திருக்கும். இத்தகைய எளிய வேறுபாடுகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து, எல்லாம் பொருந்திய இடத்தை முகமெனக் கொள்வது அவர்தம் முறை. இக்காலக் கருவிகளோ எண்ணற்ற முகப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை. கூகிள் நிறுவனம் வெளியிட்ட ஒரு முறை, ஒரு முகத்திலே 468 புள்ளிகளைக் குறிக்கின்றது. அப்புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால், முகத்தின்மேல் வலையொன்றைப் போர்த்தியது போன்ற உருவம் கிடைக்கும். முகம் அசையுந்தோறும் வலையும் வளைந்து கொடுக்கும். பொட்டும் மீசையும் அரிதாரமும் இவ்வலையின் மேலேயே தீட்டப்படுகின்றன.

முடியைப் பொருத்துவதில் வேறொரு நுணுக்கம் உண்டு. முடியின் முன்புறந்தான் கண்ணுக்குத் தெரியவேண்டும்; பின்புறம் தலையால் மறைக்கப்படவேண்டும். கணினியோ தன்னிடம் உள்ள முடி முழுவதையும் படத்தின்மேல் வரைந்துவிடும். அப்போது முடி தலையில் இருப்பதாகத் தோன்றாது. முகத்தின் முன்னே ஒட்டிய கடதாசியாகத் தோன்றும். இதற்குப் பரிகாரமாக, தலையின் வடிவமுடைய, ஆனால் கண்ணுக்குப் புலப்படாத உருவமொன்றை முடிக்குள்ளே வைப்பர். அதற்குப் பின்னால் வருவனவற்றைக் கணினி வரையாது விடும். பார்ப்போர் காணாத அந்தத் தலையே, காணும் முடியை மெய்போலத் தோன்றச் செய்கின்றது.

இனி, ஆக்கும் முறை. முதற்படி சட்டங் கொடுத்தல். எதனை ஆக்குவது என்று துணிதல். புதிதாகத் தொடங்குவோர் பலர் மென்பொருளைத் திறந்து, அதில் ஆயத்தமாக உள்ள பூனைக் காதையும் பூமாலையையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதிலே காலத்தைக் கழிப்பர். அது கருவியைப் பழகுவதற்கு உதவும். புதியதொன்றை ஆக்குவதற்கு உதவாது. மட்டக்களப்பிலே தொடங்குவோர்க்கு நல்ல பொருள் அருகிலேயே உண்டு. வடமோடிக் கூத்தின் அரச பாத்திரங்கள் பாரமான முடி அணிவன. தென்மோடியின் அணிகள் ஒப்புநோக்க எளியன. இவ்வேறுபாட்டை அறியாது ஒன்றன் முடியை மற்றொன்றன் பெயரால் வெளியிட்டால், ஊரார் முதற் பார்வையிலேயே பிழையைக் காண்பர். ஆகவே முடியை வைத்திருப்போரிடமும் அண்ணாவியாரிடமும் அனுமதி பெற்று, வெயில் நேரே படாத நிழலில், பின்னால் ஒரே நிறத் துணியைக் கட்டி, முன்னும் பின்னும் இருபக்கமுமாகப் படம் எடுத்தல் வேண்டும். எந்தப் பாத்திரத்துக்கு உரியது, எதனாற் செய்யப்பட்டது, யார் செய்தது என்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பில்டருக்கு ஒரு பொருளே போதும்.

அடுத்தது கருவி. ஸ்னப்சட்டின் லென்ஸ் ஸ்டூடியோ, டிக்டொக் நிறுவனம் 2022இல் வெளியிட்ட எஃபெக்ட் ஹவுஸ் ஆகிய இரண்டும் பணமின்றிக் கிடைப்பவை. முதலில் அரிதாரத்திலே தொடங்குதல் எளிது. முகத்தை விரித்துப் பரப்பியது போன்ற மாதிரிப் படமொன்று இம்மென்பொருள்களோடு கிடைக்கும். அதன்மேல் மீசையையும் புருவத்தையும் பொட்டையும் வரைந்து, மற்ற இடமெல்லாம் நிறமின்றித் தெளிவாக இருக்கும்படி பி.என்.ஜி. வடிவிற் சேமித்தால், அது முகவலையின்மேல் தானே பொருந்தும். இது கைவந்த பின்னர் முடிக்குச் செல்லலாம். பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் முடியின் கன வடிவத்தை அமைக்கலாம். ஒவ்வொரு மணியையும் கண்ணாடித் துண்டையும் தனித்தனி உருவாகச் செய்தால், கோப்பு பெருத்துக் கைப்பேசி தடுமாறும். நிறுவனங்களும் சில மெகாபைட்டுக்கு மேற்பட்டவற்றை ஏற்பதில்லை. ஆதலால் வடிவத்தை எளிதாக வைத்து, நுண்ணிய வேலைப்பாட்டைப் படமாக அதன்மேற் போர்த்துவதே முறை. பாரமான முடியை இலேசாகச் செய்வதே இங்கே திறமை.

இரண்டாம் படி சதங்கை அணிதல். உருவத்துக்கு அசைவும் ஒலியுங் கொடுத்தல். வாயைத் திறத்தல், புருவத்தை உயர்த்துதல், தலையை அசைத்தல் முதலியவற்றை மென்பொருள் தானே உணரும். வாய் திறந்தால் மத்தளம் முழங்குக எனவும், தலை அசைந்தால் சல்லரி ஒலிக்குக எனவும் கட்டளை அமைக்கலாம். இதற்குப் பெரும்பாலும் நிரல் எழுதவும் வேண்டியதில்லை. ஆயத்தமான கட்டளைகளை ஒன்றோடொன்று இணைத்தாற் போதும். ஒலியைப் பொறுத்தமட்டில், பிறர் இசைத்தட்டிலிருந்து எடுப்பதினும், ஊரின் மத்தளகாரர் ஒருவரை உடன்பாட்டோடு சில நொடி வாசிக்கச் செய்து பதிவதே நன்று. மீன் பாடும் தேன்நாடு என்று பெயர்பெற்ற இடத்தில், நிலவிரவிலே கல்லடிப் பாலத்தருகே கேட்கும் வாவியின் ஒலியையும் ஒருவர் பின்னணியாக அமைக்கலாம்.

மூன்றாம் படி அடுக்குப் பார்த்தல். இதனையே புதியவர்கள் பெரிதும் புறக்கணிப்பர். தம் முகத்திலே சரியாகப் பொருந்தியது எல்லார் முகத்திலும் பொருந்தும் என எண்ணுவர். முதியவர் முகம், குழந்தை முகம், தாடி வளர்த்த முகம், கண்ணாடி அணிந்த முகம், முக்காடிட்ட முகம் ஆகிய அனைத்திலுஞ் சோதித்தல் வேண்டும். வாவிக்கரையின் நண்பகல் வெயிலிலும், வீட்டு விளக்கின் மங்கிய ஒளியிலுஞ் சோதித்தல் வேண்டும். விலையுயர்ந்த கைப்பேசியில் மட்டுமன்றிப் பழைய, விலைகுறைந்த கைப்பேசியிலுஞ் சோதித்தல் வேண்டும்.

நிறத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். முகத்தை நோக்கும் கருவிகள் எல்லா நிறத்தாரையும் ஒப்ப நோக்குவதில்லை. 2018இல் ஜோய் புவொலம்வினி, திம்னிட் கெப்ரு என்னும் இரு ஆய்வாளர், முகத்தைக் கொண்டு ஆணா பெண்ணா எனக் கணிக்கும் 3 வணிகக் கருவிகளைச் சோதித்தனர். வெளிர்நிற ஆடவரைக் கணிப்பதில் ஏற்பட்ட பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்டிரைக் கணிப்பதிலோ பிழை 34.7 விழுக்காடு வரை சென்றது. பயிற்சிக்கும் சோதனைக்கும் எடுத்த படங்களிற் கருநிறத்தார் குறைவாக இருந்தமை இதற்கு முக்கிய காரணமெனக் கருதப்பட்டது. இதனோடு, அழகு செய்வதாகச் சொல்லிக்கொண்டு மூக்கை ஒடுக்கித் தோலை வெளுப்பிக்கும் பில்டர்களும் பல உள. அவற்றை நாடோறும் அணிந்து பார்க்கும் சிறுமி, கண்ணாடியிற் காணுந் தன் முகத்தையே குறையுடையதாகக் கொள்ளத் தலைப்படுவாள். ஊரிலே ஒரு பில்டரை ஆக்குவோர்க்கு இங்கே ஒரு கடமை உண்டு. முடியைச் சூட்டலாம், மீசையைத் தீட்டலாம், முகத்தின் நிறத்தை அந்நிறமாகவே விடவேண்டும். அரசன் வேடம் புனைபவன் வேறொரு தோலைப் பூண வேண்டியதில்லை.

இறுதிப்படி அரங்கேற்றம். பெயரும் சின்னமும் சிறு முன்னோட்டமும் சேர்த்து அனுப்பினால், நிறுவனத்தார் தம் விதிகளுக்கு அமைந்ததா எனப் பார்த்து வெளியிடுவர். கூத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் தமிழிலே பொறித்தல் நலம். உடன்பட்டால் முடி செய்தவர் பெயரையும் சேர்க்கலாம். எதனையும் ஆக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் ஆக்கலாகாது. கண்ணகி அம்மன் சடங்குகளிலே வழிபாட்டுக்குரியனவாக உள்ள பொருள்களை வேடிக்கைக்கு உரியனவாக்குமுன், கோயிலாரைக் கேட்பது முறையாகும். கேட்டபோது அவர்கள் வேண்டாமென்றால், விட்டுவிடுவது அதனினும் முறையாகும்.

இக்களரி பிறருக்குச் சொந்தமானது என்பதையும் மறத்தலாகாது. பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் மெட்டா நிறுவனத்துக்கு உரியவை. அந்நிறுவனம் 2017இல் தொடங்கிப் பல ஆண்டுகள் வளர்த்த மெட்டா ஸ்பார்க் என்னும் ஆக்கக் கருவியை, 2025 ஜனவரி 14ஆம் நாளோடு மூடிவிட்டது. உலகெங்குமுள்ள வெளியார் அதனைக் கொண்டு ஆக்கிய பில்டர்கள் அன்றோடு அவ்விரு தளங்களிலிருந்தும் மறைந்தன. அவற்றுள் எத்தனையோ மாத உழைப்பின் பயனாக விளைந்தவையும் இருந்தன. மூல வரைபடங்களையும் கன வடிவங்களையும் தம்மிடம் வைத்திருந்தோர் வேறொரு கருவியில் மீண்டுந் தொடங்க இயன்றது. நிறுவனத்தின் களஞ்சியத்தையே நம்பியிருந்தோர் வெறுங்கையோடு நின்றனர். செல்லரிக்கும் ஏட்டைக் காலந்தோறும் படியெடுத்தே கூத்துப் பாடல்கள் காக்கப்பட்டன. அவ்வழக்கமே இங்கும் வேண்டும். எடுத்த படம், வரைந்த ஓவியம், அமைத்த வடிவம், பதிந்த ஒலி, எழுதிய குறிப்பு ஆகிய எல்லாவற்றையும் நிறுவனத்துக்குப் புறம்பாக, குறைந்தது இரண்டு இடங்களிற் காத்தல் வேண்டும்.

சில நொடிகளில் மறையும் பில்டர், விடியவிடிய ஆடும் கூத்துக்கு ஈடாகுமா என்று சிலர் வினவுதல் கூடும். ஆகாது. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்து, கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை அளித்தபோது, ஓரிரவுக் கூத்து மேடைக்கேற்பச் சுருங்கியது. சுருக்கத்தால் இழந்தனவும் உண்டு. கூத்தை அறியாதிருந்தோர் பலர் அதனை அறிந்ததும் உண்டு. பில்டர் அதனினும் மிகச் சிறியது; அதனால் ஆட்டத்தைக் கற்பிக்க இயலாது, பாட்டின் பொருளையும் உணர்த்த இயலாது. தொலைவிலே, கடல் கடந்த நாடொன்றில் வளரும் மட்டக்களப்புச் சிறுவன் ஒருவன் தன் தலையில் வடமோடி முடியைக் கண்டு, “இது யாருடைய முடி?” என்று தன் பாட்டனாரைக் கேட்கும்படி செய்ய அதனால் இயலும். அக்கேள்விக்கு ஏற்ற மறுமொழி கிடைக்குமாறு முடியைப் பிழையின்றி ஆக்குவதே, இத்தொழிலைத் தொடங்குவோர் முதலிற் கற்கவேண்டிய பாடம்.