பின்னாடி நிற்பவர்

ஹாக்கியில் கோல் போடுறவங்க பெயர்தான் நமக்குத் தெரியும். டிஃபெண்டர் என்றால் சும்மா பின்னாடி நிற்கிறவர் என்று நினைக்கிறோம். அது சரியா?

குர்ஜித் கவுர் ஒரு டிஃபெண்டர். ஊர், பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கம் மியாதி கலான் கிராமம். அப்பா விவசாயி. கைரோன் என்ற ஊரில் விடுதிப் பள்ளியில் படிக்கும்போது அக்காவோடு சேர்ந்து ஹாக்கி மட்டையை எடுத்தார். அந்த விளையாட்டே அவருக்கு ரயில்வே வேலையும் வாங்கித் தந்தது.

டிஃபெண்டரின் முதல் வேலை, பந்து நம்ம கோல் பக்கம் வராமல் மறிப்பது. குர்ஜித்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதுதான் பெனால்டி கார்னர். எதிரணி தன் கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டத்துக்குள் தப்பு செய்தால் இது நமக்குக் கிடைக்கும். ஒருவர் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவார். இன்னொருவர் நிறுத்துவார். குர்ஜித் 'டிராக் ஃப்ளிக்' செய்வார். இது அடி இல்லை. பந்தை மட்டையோடு ஒட்டி இழுத்து வீசுறது. வீச்சுவலை எறியும்போது இடுப்பு திரும்புமே, அதுபோல உடம்பு முழுக்கத் திரும்பணும்.

2021 ஆகஸ்ட் 2, டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதி. 22ஆவது நிமிடத்தில் குர்ஜித் போட்ட ஒரே கோலால் பலமான ஆஸ்திரேலியா 1-0 என்று தோற்றது. மிச்ச நேரம் முழுக்க அந்த ஒரு கோலைக் காப்பாற்றியது யார்? கோல்கீப்பர் சவிதாவும் டிஃபெண்டர்களும்தான்! வெண்கலப் போட்டியில் குர்ஜித் 2 கோல் போட்டார். இருந்தும் பிரிட்டனிடம் 3-4 என்று தோற்று, 4ஆம் இடம் பெற்றோம்.

ஆகவே தோழிகளே, பி.டி. பீரியடில் "நீ பின்னாடி நில்லு" என்று சொன்னால் முகம் சுளிக்காதீங்க. பெரிய வகுப்பு வந்தாச்சு என்று விளையாட்டையும் விட்டுடாதீங்க!

– 9ஆம் வகுப்பு மாணவி