இருநூறு வயதுச் சீசா

வேதாரண்யத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒயினை ஏலம் விட்டார்கள் என்று எங்கோ படித்தாராம். "காலையில் இறக்கிய பதநீரே மத்தியானத்துக்குள் புளித்துப்போகிறது. அது மட்டும் எப்படிக் காடியாகாமல் இருந்தது?" என்பது கேள்வி.

கடிதத்தைக் கோடியக்கரைக் கடற்கரையில், மீன் ஏலத்துக்கு நடுவில் படித்தேன். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வெளியூர் மீனவர்கள் இங்கே வாடி போட்டுத் தங்குவார்கள். வஞ்சிரம், காலா, நண்டு என்று கூறு கூறாக மணலில் கிடக்கும். ஏலக்காரர் மூச்சுவிடாமல் கூவுவார். அவருக்கு எதிரி வெயில்தான். வெயில் ஏற ஏற விலை இறங்கும். ஆசிரியை கேட்ட ஒயினுக்கோ வெயில் வளர்ப்புத் தாய்.

அந்த ஒயினின் பெயர் மதீரா. மொராக்கோவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலிலுள்ள, போர்ச்சுகலுக்குச் சொந்தமான தீவின் பெயரும் அதுதான். நியூ ஜெர்சியில் லிபர்டி ஹால் என்றொரு பழைய மாளிகை இருக்கிறது. அந்த மாநிலத்தின் முதல் ஆளுநர் வில்லியம் லிவிங்ஸ்டன் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். 2015-இல் அதன் ஒயின் அறையைப் பழுதுபார்த்தபோது, மதுவிலக்குக் காலத்தில் எழுப்பியதாகத் தெரிகிற ஒரு சுவருக்குப் பின்னால் 1796-ஆம் வருஷத்து மதீரா பெட்டிகள் அகப்பட்டன. அவற்றில் சில சீசாக்களை 2018 டிசம்பரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஏலம் விட்டது. 1766-இல் லண்டனில் ஜேம்ஸ் கிறிஸ்டி நடத்திய முதல் ஏலத்திலேயே மதீரா இருந்திருக்கிறது.

இனி, காடியாகாத கதை. திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே அதில் திராட்சைச் சாராயத்தை ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் செத்துப்போகிறது, மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. ஆல்கஹால் 18, 19 சதவீதத்துக்கு ஏறிவிடுவதால் காடியாக்கும் பாக்டீரியாவால் அதில் பிழைக்க முடியாது. போர்ட், ஷெர்ரி எல்லாம் இந்தச் சாராயம் சேர்த்த வகையறாதான். எங்கள் அப்பாயி நார்த்தங்காயைச் சுருளாக நறுக்கி வேதாரண்யம் உப்பை அள்ளி அடைப்பாரே, அந்த வேலையை இங்கே சாராயம் செய்கிறது.

ஆனால் உப்பு மட்டுமா நார்த்தங்காயைக் கறுப்பாக்கியது? மாடி வெயிலும்தானே! மதீராவுக்கு அந்த வெயில் கிடைத்த விதம்தான் எனக்குப் பிடித்த வேடிக்கை. கிழக்கே வரும் கப்பல்கள் அந்தத் தீவில் நின்று தண்ணீரும் ஒயினும் ஏற்றிக்கொள்ளும். சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ போய்த் திரும்பும் பீப்பாய், போகும்போது இரண்டு முறை, வரும்போது இரண்டு முறை என்று பூமத்திய ரேகையை நான்கு தடவை கடந்தாக வேண்டும். கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் வெந்து, அலையில் குலுங்கி, விற்காமல் ஊர் திரும்பிய பீப்பாயைத் திறந்து பார்த்தால், போனதைவிட ருசியாக இருந்தது! அப்புறம் வேண்டுமென்றே உலகம் சுற்ற அனுப்பினார்கள். 'சுற்றி வந்த ஒயின்' என்ற பொருளில் போர்ச்சுகீசியத்தில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. லண்டனில் 'கிழக்கிந்திய மதீரா' என்று சொன்னால் மவுசு அதிகம். நம் வங்கக்கடலும் அந்த ஒயினுக்கு ஒரு சமையற்காரர்தான்.

இப்போது கப்பல் பயணம் இல்லை. மலிவுச் சரக்கைத் தொட்டியில் 45, 50 டிகிரியில் மூன்று மாதம் சூடாக்குகிறார்கள். உசத்தியானதைப் பீப்பாயில் ஊற்றிப் பரணில் ஏற்றிவிட்டு, வருஷக்கணக்காக வெயிலின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். சூட்டையும் காற்றையும் முன்பே பார்த்துவிட்ட ஒயினைப் பிறகு எது கெடுக்கும்?

ஏலத்துக்கு வரும்போது யாரும் எல்லாச் சீசாவையும் திறந்து ருசி பார்ப்பதில்லை. சீசாவின் கழுத்தில் ஒயின் எதுவரை நிற்கிறது, தக்கை எப்போது மாற்றியது, அரக்கு உடைந்திருக்கிறதா, கண்ணாடிமேல் வெள்ளைப் பெயிண்டில் அச்சிட்ட வருஷம் படிக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் வீட்டு அறையில், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதற்குத் தாள் வேண்டும். ஒரே மதீராதான்; தாள் இருந்தால் பொக்கிஷம், இல்லாவிட்டால் சந்தேகம்.

குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடியால் இருண்ட வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு. என் ஆதங்கம் அந்தத் தாளைப் பற்றியது. இங்கே கடலோரத்தில் சோழர் காலத்ததென்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கம் ஒன்று நின்றது. 2004 சுனாமியில் இடிந்தது. அதற்கு முன்பே நாம் அதைத் திரும்பிப் பார்ப்பதை விட்டிருந்தோம். அப்பாயி போன பிறகு பரணைச் சுத்தம் செய்தபோதும் இதே கதைதான். ஒரு ஜாடி நிறையக் கறுத்த நார்த்தங்காய். இருபது வருஷத்ததா, நாற்பதா? கேட்க ஆளில்லை, எழுதிய சீட்டில்லை. ஜாடியைப் பழைய சாமான்காரர் எடுத்துக்கொண்டார். உள்ளே இருந்ததை நான்தான் குப்பைக்குழியில் கொட்டினேன்.

இந்த வருஷம் என் மனைவி போட்ட ஜாடியின் கழுத்தில் பெயிண்டால் வருஷத்தை எழுதியிருக்கிறேன். "ஊறுகாய்க்கு என்ன ஜாதகமா?" என்று சிரிக்கிறாள். எழுதிய தேதி காயட்டும் என்று வெயிலில் வைத்திருக்கிறேன்.